மரத்தளம் தேய்க்கும் நாட்களில் வீட்டு நோயாளியின் மூச்சு

குரங்கணிக்கு மேலுள்ள ஏலத்தோட்டச் சரிவுகளிலும் போடிநாயக்கனூரின் பழைய தெருக்களிலும் மரப்பலகைத் தளம் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலை கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறங்கிய காலத்தின் நினைவாகத் தோட்டப் பங்களாக்கள் சில நிற்கின்றன. ஊருக்குள் தேக்கும் பலாவும் பாவிய மச்சு வீடுகள் இருக்கின்றன. திருமணம், புதுக் குடித்தனம், சுற்றுலாப் பயணிகளுக்கான தங்குமிடம் என ஏதேனும் ஒரு காரணத்தால் பிள்ளைகள் அந்தத் தளத்தைப் புதுப்பிக்க முனைகிறார்கள். உப்புத்தாள் பூட்டிய இயந்திரம் வாடகைக்கு வருகிறது. இரண்டே நாளில் நூறாண்டுக் கறை நீங்கி, மரத்தின் ரேகை மீண்டும் தெரிகிறது. பார்ப்பதற்கு மகிழ்ச்சியான வேலைதான்.

அந்த இரண்டு நாட்களுக்குப் பிறகு எங்கள் நுரையீரல் பிரிவுக்கு வந்து சேர்பவர்களைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். பெயரையும் ஊரையும் தவிர்த்து ஒருவரைக் குறிப்பிடுகிறோம். எழுபது வயதைக் கடந்த பெரியவர். சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு ஒழுங்காக இன்ஹேலர் எடுத்து வந்தவர். பேத்தியின் திருமணத்தை முன்னிட்டு வீட்டு மச்சின் பலகைகளைத் தேய்த்தார்கள். இரண்டாம் நாள் நள்ளிரவில் அவருக்குப் பேச முடியாத அளவுக்கு மூச்சு முட்டியது. அழைத்து வந்த மகன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "வேலை நடந்தது மச்சுல, டாக்டர். அப்பா கீழதான் படுத்திருந்தாரு. தூசி அவர் பக்கமே வரலையே."

மகன் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்த தூசி அப்பாவின் பக்கம் வரவில்லை. ஆனால் நுரையீரலைத் தாக்குவது கண்ணுக்குத் தெரியாத தூசி. அது எங்கே பிறக்கிறது, எப்படிப் பயணிக்கிறது, எவ்வளவு நேரம் காற்றில் நிற்கிறது என்பதைக் குடும்பத்தார் அறிந்திருந்தால், இத்தகைய இரவுகளுள் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துவிடலாம்.

தூசியின் அளவே அதன் வழியைத் தீர்மானிக்கிறது

ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். ரம்பம் அறுக்கும்போது விழும் மரத்தூளின் பெரும்பகுதி இதைவிடப் பெரியது. அது காலடியில் விழுகிறது. மூக்கில் புகுந்தாலும் மூக்கின் மயிரிலும் சளியிலும் தங்கித் தும்மலாக வெளியேறிவிடுகிறது.

உப்புத்தாளின் வேலை வேறு. தளம் தேய்ப்பவர்கள் முதலில் 40 எண் கொண்ட முரட்டுத் தாளில் தொடங்கி, 80-க்கு மாறி, 120-இல் முடிக்கிறார்கள். எண் கூடக் கூடத் தளம் வழவழப்பாகிறது. தூசியும் அதற்கேற்ப நுண்மையாகிறது. ஆகவே, கண்ணுக்கு மிகக் குறைந்த தூசி தெரியும் கடைசிச் சுற்றே மூச்சுக்கு மிகவும் கெடுதலான சுற்று. 'பெரிய வேலை முடிந்துவிட்டது, இனி மெருகு மட்டுந்தான்' என்று எண்ணி நோயாளியை வீட்டுக்குள் அழைத்துவருவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

10 மைக்ரானுக்குக் குறைவான துகள் மூக்கைக் கடந்து மூச்சுக்குழல்களை அடைகிறது. 4 மைக்ரானுக்கும் குறைந்தவை, ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கும் நுண்ணறைகள் வரையிலும் செல்லக்கூடியவை. நலமான நுரையீரலில் மூச்சுக்குழலின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் இடைவிடாமல் அசைந்து, தூசி படிந்த சளியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. பல ஆண்டுகள் பீடி குடித்தவருக்கும், விறகடுப்புப் புகையிலேயே வாழ்நாளைக் கழித்த தாய்மாருக்கும் இந்த நுண்மயிர்கள் சேதமடைந்திருக்கும். குழல்களும் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். பிறருக்கு ஒரு நாள் இருமலோடு கழிந்துவிடும் தூசி அவர்களை மருத்துவமனைப் படுக்கைக்குக் கொண்டுவருவது இதனால்தான்.

காற்றில் நிற்கும் நேரம்

அசைவற்ற காற்றில் 10 மைக்ரான் துகள் ஒன்று நொடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வீதம் கீழிறங்குகிறது. பத்தடி உயர அறையில் கூரையிலிருந்து தரைக்கு வர அதற்கு ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். 1 மைக்ரான் துகளோ அதே தூரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு முழு நாள் எடுத்துக்கொள்கிறது. மின்விசிறி சுழன்றால், கதவு திறந்து மூடினால், ஒருவர் நடந்து சென்றால்கூட, அது மீண்டும் மேலெழுகிறது. இயந்திரத்தை நிறுத்தியதும் தூசி நின்றுவிட்டது என்று நினைப்பது தவறு. அன்றைய இரவு முழுவதும் அது வீட்டில் உலவிக்கொண்டிருக்கிறது.

மச்சு வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பலகைகளுக்கிடையே கோடையில் விரல் நுனி நுழையுமளவு இடைவெளி விழுந்திருக்கும். மேலே தேய்க்கும்போது இயந்திரத்தின் அதிர்வு, அந்த இடைவெளிகளில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த புழுதியையும் கீழறைக்கு உதிர்க்கிறது. அந்தப் பெரியவரின் கட்டில் அப்படிப்பட்ட பலகைகளுக்கு நேர் கீழே கிடந்தது.

மகனைக் குழப்பிய இன்னொன்று நேரக்கணக்கு. மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. பெரியவர் இரவு உணவும் உண்டார். மூச்சுத்திணறல் நள்ளிரவில்தான் வந்தது. மரத்தூளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களிடம் மூச்சுக்குழல் சுருக்கம் உடனே வருவதும் உண்டு; 4 முதல் 8 மணி நேரம் கழித்து வருவதும் உண்டு. இப்படித் தாமதித்து வருவதால்தான் பல குடும்பங்கள் பகலில் நடந்த வேலையையும் இரவில் வந்த துன்பத்தையும் இணைத்துப் பார்ப்பதில்லை. இரவு உணவையோ பனியையோ குறை கூறுகிறார்கள்.

மரமும் பூச்சும்

எல்லா மரமும் ஒன்றல்ல. தேக்கிலும் ஈட்டியிலும் இயற்கையாக உள்ள சில வேதிப்பொருட்கள், மரத்தைக் கறையானிடமிருந்து காப்பதோடு மனிதத் தோலிலும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக நடப்பட்ட சில்வர் ஓக் மரத்திற்கும் இத்தன்மை உண்டு. தேய்த்த மறுநாள் கண்ணிமை வீங்குவது, கழுத்திலும் முன்கையிலும் அரிப்புத் தடிப்பு எழுவது ஆகியவை இதன் அடையாளங்கள்.

மரத்தின் மேல் பூசியவற்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். கறையானுக்கு அஞ்சி முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்த எண்ணெய் தோலைக் கடுமையாகப் புண்ணாக்கும். பழைய கதவு, நிலை, கைப்பிடிச் சுவர், மரப்படி ஆகியவற்றிலுள்ள வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்னும் இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதி, 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பூச்சை, ஈயம் உள்ளதாகவே கருதி நடந்துகொள்வது நல்லது. உட்கொள்ளும் ஈயத்தில் வளர்ந்தவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்கிறது. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தவழும் குழந்தையும் கருவுற்ற பெண்ணும் உள்ள வீட்டில் பழைய வண்ணத்தை உலர் நிலையில் தேய்த்து நீக்கவே கூடாது.

நீண்ட கால ஆபத்து யாருக்கு?

இங்கிலாந்தின் ஹை விக்கம் நகரம் நாற்காலித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. 1960-களில் அப்பகுதியில் பணியாற்றிய எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்னும் காது மூக்கு தொண்டை மருத்துவர், மூக்கின் உட்புறத்தில் அரிதாகத் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் அந்நகரத்து மரத்தொழிலாளரிடம் அளவுக்கு மீறிக் காணப்படுவதைக் கவனித்தார். அவரும் உடன் ஆய்ந்தவர்களும் 1968-இல் அதை வெளியிட்டனர். பின்னர் 1995-இல் உலக சுகாதார அமைப்பைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. வன்மரத் தூசி, தொழிற்கூடக் காற்றில் கனமீட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு.

இதைப் படித்து, வாழ்நாளில் ஒருமுறை தளம் தேய்த்தவர் அஞ்ச வேண்டியதில்லை. அந்தப் புற்றுநோய் பல்லாண்டுகள் நாள்தோறும் தூசியைச் சுவாசித்தவர்களிடம் கண்டறியப்பட்டது. ஆனால் உங்கள் வீட்டுக்கு வரும் ஆசாரியும் அவருடன் வரும் இளைஞரும் அப்படி நாள்தோறும் சுவாசிப்பவர்களே. நோயாளியைக் காக்க நீங்கள் எடுக்கும் ஏற்பாடுகளில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூலியோடு நல்ல முகக்கவசமும் கொடுங்கள்.

வேலைக்கு முன்: நோயாளியை இடம் மாற்றுதல்

நாங்கள் சொல்ல விரும்பும் முதன்மையான கருத்து இதுதான்: தூசியை நோயாளியிடமிருந்து தடுக்க முயல்வதைவிட, நோயாளியைத் தூசியிடமிருந்து அப்புறப்படுத்துவது எளிது, உறுதியானது. ஆஸ்துமா, சி.ஓ.பி.டி., நுரையீரல் நார்த்தடிப்பு, பழைய காசநோயால் நுரையீரல் சுருங்கிய நிலை, இதயச் செயலிழப்பு ஆகியவற்றுள் எது இருந்தாலும், வேலை தொடங்குவதற்கு முன்பே அவரை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பக்கத்து அறை போதாது, கீழ்த்தளமும் போதாது. கடைசித் தேய்ப்பு முடிந்து ஒரு முழு நாள் கழிந்து, ஈரத்துணியால் இருமுறை துடைத்த பின்பே அவர் திரும்ப வேண்டும். வார்னிஷோ பாலிஷோ பூசினால், அதன் வாடை முற்றிலும் நீங்கும் வரை பொறுக்க வேண்டும். பூச்சின் ஆவியும் மூச்சுக்குழலைச் சுருக்கும்.

பெரியவர்கள் இதற்கு எளிதில் இசைவதில்லை. 'என் வீட்டை விட்டு நான் எதற்குப் போக வேண்டும்' என்பார்கள். மகள் வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று முன்கூட்டியே பேசி, மருந்துகள், இன்ஹேலர், நெபுலைசர், மருத்துவச் சீட்டு அனைத்தையும் ஒரே பையில் எடுத்துவைத்து அனுப்புங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி வைத்திருப்போர் மேலும் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கருவி அறைக்காற்றையே இழுத்து வேலை செய்வதால் தூசி அதன் வடிகட்டியை அடைத்துவிடும். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் சிறு பொறியும் பெருந்தீயாகும். கருவியும் சிலிண்டரும் நோயாளியோடு சேர்ந்தே வெளியேறட்டும்.

தேய்க்காமலே முடியுமா என்பதையும் ஒருமுறை கேட்டுப்பாருங்கள். இழைப்புளியாலும் சுரண்டு தகட்டாலும் வேலை செய்யும்போது மரம் சீவலாகச் சுருண்டு விழுகிறது; மூச்சில் ஏறக்கூடிய நுண்தூசி மிகக் குறைவு. நேரம் கூடுதலாகும், கூலியும் கூடும். ஆனால் பல தளங்களுக்குக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுவதே போதுமானதாக இருக்கும். மொசைக் தளத்தைத் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதுபோல் மரத்தைத் தேய்க்க இயலாது; நீர் பட்டால் பலகை உப்பிவிடும். எனவே இயந்திரம் கொண்டு தேய்த்தால் தூசியைத் தவிர்க்க வழியில்லை.

வேலையின்போது

கீழறையைக் காலி செய்து, மச்சின் அடிப்பக்கம் முழுவதையும் பிளாஸ்டிக் விரிப்பால் மறைத்துக் கட்டுங்கள். தேய்க்கும் அறையின் கதவிடுக்குகளை ஈரத்துணியால் அடையுங்கள். வெளிச்சுவரில் உள்ள சன்னல்களைத் திறந்து, அவற்றுள் ஒன்றில் காற்றை வெளித்தள்ளும் விசிறியைப் பொருத்துங்கள். கூரை விசிறியை நிறுத்திவிடுங்கள். மழைக்காலத்தில் சன்னல் திறக்க இயலாது. பலகையும் ஈரம் குடித்திருக்கும். மழை ஓய்ந்த நாட்களே இவ்வேலைக்கு ஏற்றவை.

நெடுநாள் பூட்டிக்கிடந்த மச்சில் எலிப் புழுக்கையோ வௌவால் எச்சமோ இருந்தால் அதை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். நீர்த்த பிளீச்சிங் கரைசலைத் தெளித்து நனைத்து, கையுறை அணிந்து, துணியால் வழித்தெடுங்கள்.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வதாலோ அறுவைச் சிகிச்சை முகக்கவசம் அணிவதாலோ நுண்தூசி நிற்காது. ஓரங்களின் வழியே உள்ளே வந்துவிடும். என்.95 வகைக் கவசமோ, ஐ.எஸ். 9473 என்னும் இந்தியத் தர எண் பொறித்த எஃப்.எஃப்.பி.2 கவசமோ வேண்டும். அது மூக்கின் மேலும் தாடையிலும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். தாடி இருந்தால் பொருந்தாது. ஒன்றை மறந்துவிட வேண்டாம்: இந்தக் கவசம் வேலை செய்பவருக்கானது. மூச்சு நோயாளிக்கு இதை அணிவித்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணக்கூடாது. ஏற்கெனவே சிரமப்பட்டு மூச்சு வாங்குபவருக்கு அது மேலும் சுமையாகும்.

வேலைக்குப் பிறகு

விளக்குமாற்றால் பெருக்கினால் படிந்த தூசி மீண்டும் காற்றில் ஏறும். சாதாரண வீட்டுத் தூசி உறிஞ்சி, பெருந்தூசியைப் பிடித்துக்கொண்டு நுண்தூசியைப் பின்புறமாக வெளியேற்றிவிடும். ஹெப்பா வடிகட்டி உள்ள உறிஞ்சியும் நன்கு பிழிந்த ஈரத்துணியும் ஏற்றவை. சுவர், உத்தரம், அலமாரியின் மேற்புறம், விசிறி இறக்கை ஆகியவற்றை முதலில் துடைத்து, தரையைக் கடைசியில் துடையுங்கள். மறுநாள் மீண்டும் ஒருமுறை துடையுங்கள். திரைச்சீலையையும் படுக்கை விரிப்பையும் துவைத்துவிடுங்கள். வேலை செய்தவர்கள் உடையை மாற்றிக் குளித்த பின்பே குழந்தைகளைத் தூக்கலாம்.

தீயையும் நினைவில் கொள்ளுங்கள். பழைய மெருகு கலந்த மரத்தூள் இயந்திரத்தின் பைக்குள்ளேயே சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அதுவும் தானாகவே சூடாகிப் பற்றும். பையை அன்றன்றே வெளியில் காலி செய்யுங்கள்; துணியைத் தண்ணீரில் ஊறவைத்து அப்புறப்படுத்துங்கள். தூளைக் கொல்லையில் கொளுத்தாதீர்கள். புகை நோயாளிக்குத் தீங்கு. காய்ந்த மலைச்சரிவில் தீ என்ன செய்யும் என்பதை 2018 மார்ச்சில் குரங்கணி கண்டிருக்கிறது.

எப்போது மருத்துவமனைக்கு வர வேண்டும்?

தூசி பட்ட நாளிலும் மறுநாளிலும் நோயாளியைக் கவனித்துக்கொண்டிருங்கள். இருமலும் இழுப்பும் கூடுதல், சளியின் அளவோ நிறமோ மாறுதல், வழக்கமாக நடக்கும் தூரத்தை நடக்க இயலாமை, படுக்க முடியாமல் எழுந்து உட்காருதல் ஆகியவை முதல் எச்சரிக்கைகள். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க முடியாமை, உதடு நீலம் பாய்தல், குழப்பமான பேச்சு, அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம், விரல்நுனிக் கருவியில் ஆக்சிஜன் அளவு மருத்துவர் உங்களுக்குக் குறித்துத் தந்த எல்லைக்குக் கீழே இறங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை அவரைச் சற்று முன்னோக்கிச் சாய்ந்தபடி உட்காரவைத்து, அவசர இன்ஹேலரை எழுதித் தந்தபடியே கொடுங்கள். வீட்டில் ஆக்சிஜன் இருந்தாலும் அதன் அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள், சி.ஓ.பி.டி. நோயாளருக்கு மிகுதியான ஆக்சிஜனும் தீங்காகலாம்.

சமவெளியில் இருப்போருக்கும் மலையில் இருப்போருக்கும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. குரங்கணியிலிருந்து போடிக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர்; அதற்கு மேலுள்ள தோட்டங்களிலிருந்து குரங்கணி வந்து சேர்வதே தனிப் பயணம். மலையில் இருப்பவர்கள் இரண்டாம் எச்சரிக்கைக்காகக் காத்திருக்கக்கூடாது. பிற்பகலில் இழுப்புக் கூடுவதாகத் தெரிந்தால், வெளிச்சம் இருக்கும்போதே கீழிறங்கிவிடுங்கள். 'விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒத்திப்போட்ட இரவுகளே எங்களுக்கு மிகக் கடினமான காலைகளாகின்றன.

முன்பு சொன்ன பெரியவர் ஆறு நாள் எங்களிடம் தங்கினார். நலமடைந்த பின் நேரே தம் வீட்டுக்குப் போகாமல், மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திருமணத்துக்கு முந்தைய நாள் வீடு திரும்பினார். பின்னர் புறநோயாளர் பிரிவுக்கு வந்தபோது, தளம் அழகாக இருப்பதாகச் சொன்னார். மகன் அதைப் பார்க்கும்போதெல்லாம் வருந்துவதாகவும் சொன்னார். வருந்த வேண்டியதில்லை என்று மகனிடம் சொல்லுமாறு அவரிடம் கேட்டுக்கொண்டோம். யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றை அவர் எப்படி அறிந்திருப்பார்?

ஆகையால் இனி ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வோம். வீட்டில் மர வேலையோ, வண்ணம் பூசுதலோ, தளம் தேய்த்தலோ தொடங்க நாள் குறித்தவுடன், அடுத்த பரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் தெரிவியுங்கள். அந்த நாட்களுக்கு மருந்தில் மாற்றம் தேவையா, நோயாளி எத்தனை நாள் வெளியில் தங்க வேண்டும் என்பதை அவரவர் நிலைக்கேற்பச் சொல்லித் தருகிறோம்.